அல்சேஷனுக்கு வேறு வீடு தேடுகிறீர்களா?

தோட்டத்து லயத்தில் நாய் இல்லாத வாசல் அபூர்வம். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவருக்கு முன்னால் ஓடும்; பாதையில் பாம்பு கிடந்தால் குரைத்துச் சொல்லும்; பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் தெரிந்து சாலை முனையில் வந்து நிற்கும். அதற்கு இனப் பெயர் கிடையாது. டைகர் என்றோ மணி என்றோ ஒரு பெயர், மிஞ்சிய சோறு, கருவாட்டுத் தலை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனால் பக்கத்து வீட்டம்மாள் சோறு வைப்பார். நாய் கைமாறியதே யாருக்கும் தெரியாது.

பட்டணத்தில் அப்படி நடப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக் கொள்ளுங்கள். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரயில்வே தொழிலாளர்களின் குடியிருப்புகள் வரிசை வரிசையாக இருந்தன. முன்னால் சிறு வாசல், பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கும் கொல்லை. நாயைக் கட்டிப் போட இடம் இருந்தது. 2001-ஆம் ஆண்டில் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்ட பிறகு அந்த வட்டாரத்தின் முகமே மாறிற்று. சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் எழும்பின.

தோட்டங்களின் கதையும் இதுதான். இன்று புத்ராஜெயா இருக்கும் இடத்தில் பிராங் புசார் முதலிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன. 1990-களில் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி லயத்தை விட்டு மாடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. மாடி வீட்டில் நாய் வளர்க்க உள்ளூர் மன்றங்கள் பொதுவாக உரிமம் தருவதில்லை. ஆகவே வீடு மாறும் நாளில் சட்டி பானை, சாமி படம், தையல் இயந்திரம் எல்லாம் லாரியில் ஏறும். நாய் கீழே நிற்கும்.

அது நாட்டு நாயாக இருந்தாலே சிரமம். அல்சேஷனாகவோ ரோட்வைலராகவோ இருந்து விட்டால்?

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வாடகை வீட்டின் சொந்தக்காரர் வீட்டை விற்கப் போகிறார். அடுத்த வீடு எட்டாவது மாடி. ஐந்து வயது அல்சேஷன் ஒன்று இருக்கிறது. திருட்டுப் பயத்துக்காகக் குட்டியாக வாங்கியது. வீட்டாரிடம் குழந்தை மாதிரி. வெளியாளைக் கண்டால் கேட்டின் மேல் பாயும். ஒரு தடவை தபால்காரரின் கால்சட்டையைக் கவ்வியிருக்கிறது. இன்னும் 30 நாளில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். யார் ஏற்பார்கள்?

கேட்டுப் பார்த்தால் முதலில் வருகிறவர் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்காரராகவோ கார் பட்டறைக்காரராகவோ இருப்பார். "நல்லா கடிக்குமா?" என்பது அவர் கேட்கும் முதல் கேள்வி. இரண்டாவது ஆள் குட்டி போட வைத்து விற்கலாம் என்ற கணக்கோடு வருவார். மூன்றாவது ஆள் வருவதற்குள் 30 நாளும் முடிந்து விடும். அப்போதுதான் யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார்: "ராத்திரியில வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி செம்பனைத் தோட்டத்துல விட்டுட்டு வந்துடுங்க. அது பொழைச்சுக்கும்."

தோட்டத்தில் வாழும் வாசகர்களுக்கு இந்த யோசனையின் மறுபக்கம் நன்றாகத் தெரியும். பட்டணத்தார் இறக்கி விட்டுப் போகும் நாய் அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்து சேருகிறது. லயத்துக் கோழி காணாமல் போகும். குட்டிகள் பெருகும். ஆயாக் கொட்டகைக்குப் போகிற பிள்ளை கடிபடும். அந்த நாய் எந்த வீட்டில் வளர்ந்தது, ஊசி போட்டதா, ஏற்கெனவே யாரையாவது கடித்ததா என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்.

கெத்தாம் தீவில் நடந்தது

"அது பிழைத்துக் கொள்ளும்" என்பது எவ்வளவு பெரிய பொய் என்பதற்குக் கிள்ளான் கரையிலேயே சாட்சி உண்டு. கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் போனால் கெத்தாம் தீவு வரும். கடல் நீரின் மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள் நிறைந்த மீனவக் கிராமம். பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்டு சாப்பிடப் போய் வந்திருப்பீர்கள். 2009-ஆம் ஆண்டு அந்தத் தீவில் தெருநாய்த் தொல்லை பொறுக்க முடியாமல் போனது. கிராமத்தினர் 300-க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, ஆள் இல்லாத இரண்டு சதுப்பு நிலத் தீவுகளில் கொண்டு போய் விட்டார்கள்.

அந்தத் தீவுகளில் அலையாத்திக் காடும் சேறும் உப்புத் தண்ணீரும் தவிர வேறு என்ன இருக்கிறது? பசி முற்றிய நாய்கள் செத்துப் போன நாய்களைத் தின்னத் தொடங்கின. செய்தி வெளியே வந்ததும் உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை எழுதின. பிராணி நல அமைப்புகள் படகெடுத்துப் போயின. ஆனால் மனிதரைக் கண்டு மிரண்டு வேர்களுக்கு இடையில் ஒளிந்த நாய்களைப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. கொல்லவில்லை, விட்டு விட்டுத்தான் வந்தோம் என்று மனத்தைத் தேற்றிக் கொள்ள முடியும். நாய்க்கு இரண்டும் ஒன்றுதான். பார்க்கப் போனால், விட்டு விட்டு வந்ததுதான் நீண்ட சாவு.

கெத்தாம் சம்பவத்துக்குப் பிறகு சட்டமும் கடுமையாயிற்று. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017-இல் அமலுக்கு வந்தது. கொடுமை செய்ததாக நிரூபிக்கப்பட்டால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. நாயைப் பட்டினி போட்டு அடித்தால்தான் கொடுமை என்று நினைக்க வேண்டாம். சோறும் தண்ணீரும் இல்லாத இடத்தில் இறக்கி விட்டு வருவதும் சட்டத்தின் கண்ணில் சின்ன விஷயமாகத் தெரியாது.

எந்த நாய்க்கு இடமில்லை?

நம் நாட்டில் கால்நடைத் துறை நாய் இனங்களை இரண்டு பட்டியலாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிட்புல், அமெரிக்கன் புல்டாக், நியோபொலிட்டன் மாஸ்டிஃப், ஜப்பானின் டோசா, அகிட்டா, டோகோ அர்ஜென்டினோ, பிலா பிரசிலேரோ ஆகியவற்றைக் கொண்டு வரவே தடை. ரோட்வைலர், டோபர்மேன், அல்சேஷன், புல்மாஸ்டிஃப், புல் டெரியர் போன்றவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இவற்றை வளர்க்க உள்ளூர் மன்றம் கூடுதல் நிபந்தனை போடலாம். ஒரு வீட்டில் எத்தனை நாய், எந்த வகை வீட்டில் எந்த இனம் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். கோலாலம்பூரில் நாய் உரிமத்துக்கென 1990-ஆம் ஆண்டிலிருந்தே தனித் துணைச் சட்டம் இருக்கிறது. கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் அந்தந்த மன்றத்தில் விசாரிக்க வேண்டும்.

இதனால் என்ன ஆகிறதென்றால், அல்சேஷனை ஏற்க மனமுள்ளவர் மாடியில் குடியிருப்பார், இடமுள்ளவர் பயப்படுவார். நாட்டில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். அவர்கள் வீடுகளில் பொதுவாக நாய் வளர்ப்பதில்லை. நாய் வளர்க்கும் குடும்பங்களிலும் பலர் மடியில் வைத்துக் கொஞ்சுகிற சிறிய நாயைத்தான் தேடுவார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தால், பெரிய நாய் ஒன்றுக்குப் பொருத்தமான வீடு கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் விரல் விட்டு எண்ணக் கூடியதாகத்தான் இருக்கும். அந்த வீட்டைக் கண்டுபிடிக்க 30 நாள் போதாது. வீடு மாறப் போவது தெரிந்த அன்றே தேடத் தொடங்க வேண்டும்.

பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2012-ஆம் ஆண்டு சுபாங் ஜெயாவில் காலையில் உடற்பயிற்சிக்குப் போன முதியவர் ஒருவரை பிட்புல் நாய் கடித்துக் கொன்றது. சென்னையில் 2024-ஆம் ஆண்டு மே மாதம் நுங்கம்பாக்கத்துப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ரோட்வைலர்கள் குதறிய செய்தியைப் படித்திருப்பீர்கள். இந்த நாய்களின் தாடை வலிமையும் உடல் எடையும் சாதாரணமானவை அல்ல. நாட்டு நாய் கடித்தால் தையல் போடுவோம். இவை கடித்தால் உயிர் போகலாம். நாய்ப் பிரியர்கள் சிலர் "எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது" என்று ஒரேயடியாகச் சொல்லி விடுகிறார்கள். வளர்ப்பு முக்கியம்தான். ஆனால் தவறிப் போனால் வரும் சேதம் எவ்வளவு என்பதில் இனத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால், இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில்தான் 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதையில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைப் பார்க்காதவர் அந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. உலகில் பார்வையற்றோருக்கு வழிகாட்ட முதன்முதலில் ஒழுங்காகப் பயிற்சி பெற்ற நாய் எது தெரியுமா? நாம் பயப்படும் இதே அல்சேஷன்தான்! முதல் உலகப் போரில் கண் இழந்த ஜெர்மானியச் சிப்பாய்களுக்காக 1916-இல் ஓல்டன்பர்க் நகரில் அந்தப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1929-இல் அமெரிக்காவில் அதே போன்ற பள்ளி உருவாகக் காரணமாயிருந்த 'படி' என்ற நாயும் அல்சேஷனே.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1899-இல் ஜெர்மனியில் ஆட்டு மந்தை காக்கும் நாய்களிலிருந்து உருவாக்கிய இனம் இது. போருக்குப் பிறகு பிரிட்டிஷாருக்கு ஜெர்மனி என்ற பெயரே கசந்தது. நாயின் பெயரை 'அல்சேஷன்' என்று மாற்றி விட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார் வாயிலாகத் தோட்டத்துக்கு வந்த பெயர் அதுதான். 1977-இல் அவர்களே பழைய பெயருக்குத் திரும்பி விட்டார்கள். நாம் இன்னும் அல்சேஷன் என்றே சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

மந்தை காக்கவும் மனிதருக்கு வழி காட்டவும் வேலை கொடுத்து வளர்த்த நாயை ஐந்தடிச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? அதற்கு வேலை இல்லை. குரைப்பதையே வேலையாக்கிக் கொள்ளும். தன்னால் தப்பி ஓட முடியாது என்று தெரிந்த நாய் முந்திக் கொண்டு கடிக்கும். பட்டறைக்காரர் கேட்பது இந்த நாயைத்தான். அவரிடம் கொடுத்தால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது போல் இருக்கும். நாயின் பிரச்சினை இரண்டு மடங்காகும். பட்டறை மூடினால் அது மூன்றாவது கைக்குப் போகும். கைமாறக் கைமாற, அதைப் பற்றிய உண்மை ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகிறது.

கொடுப்பதற்கு முன்

கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்பதை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மாடி வீடு என்றால் வேறு வழியில்லை. ஆனால் "இப்போதெல்லாம் கடிக்க வருகிறது" என்பதற்காகக் கொடுப்பதானால் முதலில் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். நேற்று வரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமினால் பல சமயங்களில் உடம்பில் எங்கோ வலி இருக்கும். அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டு நோய் அடிக்கடி வரும். காதில் புண், பல்லில் சீழ், உண்ணிக் காய்ச்சல் எதுவானாலும் நாய் வாய் திறந்து சொல்லாது. பிள்ளை போய் இடுப்பைத் தொடும், அது கடிக்கும். அந்த வலியைத் தீர்த்தால் கொடுக்கும் யோசனையே போய் விடலாம்.

அப்படியும் கொடுக்கத்தான் வேண்டுமானால், கொடுப்பதற்கு முன்பே கருத்தடை அறுவை செய்து விடுங்கள். கையை விட்டுப் பணம் போகிறதே என்று தோன்றும். ஆனால் குட்டி போட வைத்து விற்கும் நோக்கத்தோடு வருகிறவர் இதைக் கேட்டதும் தானாகவே திரும்பிப் போய் விடுவார். வேறு எந்த விசாரணையும் இவ்வளவு சீக்கிரம் ஆளை இனம் காட்டாது. தடுப்பூசி அட்டையையும் சரி பார்த்துக் கொள்ளுங்கள். 2015-இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களிலும் 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலை காட்டியது நினைவிருக்கும். ஊசி போட்டதற்கு எழுத்தில் அத்தாட்சி இருந்தால் நாயை வாங்குபவருக்குப் பாதிப் பயம் போய் விடும்.

அடுத்தது தான் முக்கியமானது. ஒரு தாளை எடுத்து நாயைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வயது என்ன, என்ன தின்னும், எதற்குப் பயப்படும், இடிக்கு எங்கே ஒளியும், சிறு பிள்ளைகளோடு எப்படி, பூனை கோழிகளோடு எப்படி, சாப்பிடும் போது தட்டில் கை வைத்தால் உறுமுமா, யாரையாவது கடித்திருக்கிறதா, எப்போது, எதனால், தோல் கிழிந்ததா. தபால்காரரின் கால்சட்டைக் கதையையும் எழுதத்தான் வேண்டும். எழுதினால் யார் ஏற்பார்கள் என்று கேட்பீர்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஏற்க மாட்டார்கள்தான். அந்த எட்டு வீடுகளும் இந்த நாய்க்குப் பொருந்தாத வீடுகள் என்பது இப்போதே தெரிந்து விட்டது, நல்லதுதானே! ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் போது வியாதியை மறைத்தால் பின்னால் என்ன வரும் என்பது நம்மவர்களுக்குத் தெரியாததா? இங்கே பின்னால் வருவது வேறொருவர் பிள்ளையின் முகத்தில் விழும் பல்.

சும்மா கொடுப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். இலவசம் என்றால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். ஊசிச் செலவுக்கென்று நூறு வெள்ளியாவது கேளுங்கள். இது வியாபாரத்துக்காக அல்ல. நூறு வெள்ளி கொடுக்கத் தயங்குகிறவர் இந்த அளவு நாய்க்கு மாதா மாதம் தீனி போடப் போவதில்லை என்பதற்காகத்தான். வருகிறவர் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். வேலி எவ்வளவு உயரம்? கேட்டுக்குக் கீழே சந்து இருக்கிறதா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? நடக்க முடியாத பாட்டி இருக்கும் வீட்டுக்கும் தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இந்த நாய் வேண்டாம். பக்கத்து வீட்டாரையும் கேட்டு விடுவது நல்லது. முஸ்லிம் அண்டை வீட்டார் இருந்தால் நாய் வேலி தாண்டாமல் பார்ப்பது சட்டத்துக்காக மட்டுமல்ல, அவர்களுக்குக் காட்டும் மரியாதையும் கூட. புதிய வீட்டாருக்கு அந்த முகவரியில் அந்த இனத்துக்கு உரிமம் கிடைக்குமா என்பதை மன்றத்தில் முதலிலேயே கேட்டு விடச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு கேட்டுத் தெரிந்து கொண்டால் மறுபடியும் தெருதான்.

அம்பாங்கில் உள்ள சிலாங்கூர் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் போன்ற அமைப்புகளைக் கேட்டால் வழி சொல்வார்கள். ஆனால் "அங்கே கொண்டு போய் விட்டால் பார்த்துக் கொள்வார்கள்" என்று எண்ணிப் போகாதீர்கள். காப்பகங்களில் கூண்டுகள் நிரம்பித்தான் இருக்கின்றன. குட்டி நாய் போகிற வேகத்தில் ஐந்து வயது அல்சேஷன் போகாது.

கஷ்டமான நாய்க்கும் இடம் கிடைத்த கதைகள்

முடியவே முடியாது என்று கைவிட்ட நாய்களுக்கும் வீடு கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டு மைக்கேல் விக் என்ற பெயர் பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் நாய்ச் சண்டை நடத்திய வழக்கில் சிறைக்குப் போனார். வர்ஜீனியா மாநிலத்தில் அவருக்குச் சொந்தமான இடத்திலிருந்து சுமார் 50 பிட்புல் நாய்களை அதிகாரிகள் மீட்டார்கள். சண்டைக்கென்று வளர்த்தவை, எல்லாவற்றையும் கொன்று விடுவதே நல்லது என்று பிராணி நல அமைப்புகளிலேயே சில கூறின. நீதிமன்றமோ ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க நிபுணர்களை அமர்த்தியது. மிகவும் மூர்க்கமானது, இனித் திருத்த முடியாது என்று கொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மிகவும் சிரமமான 22 நாய்கள் யூட்டா மாநிலத்துக் காப்பகம் ஒன்றுக்குப் போயின. மற்றவை பயிற்சிக்குப் பிறகு படிப்படியாக வீடுகளுக்குப் போயின. இதற்கான செலவுக்கு அந்த விளையாட்டு வீரரிடமிருந்து 900,000 டாலருக்கும் மேல் வசூலித்தார்கள். நம்மிடம் அந்தப் பணம் இல்லை. ஆனால் 'இந்த இனம்' என்று பார்க்காமல் 'இந்த நாய்' என்று பார்த்தார்களே, அதற்குப் பணம் தேவையில்லை.

பக்கத்தில் சிங்கப்பூரை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலோர் வாழும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் சிறிய இன நாய்களை மட்டுமே வைத்துக் கொள்ள அனுமதி இருந்தது. நம் லயத்து டைகரைப் போன்ற நாட்டு நாய்க்கு இடமில்லை. 2012-இல் 'அடோர்' என்ற திட்டத்தைத் தொடங்கி, பிராணி நல அமைப்புகள் மூலம் தேர்ந்தெடுத்த நாட்டு நாய்களை மாடி வீடுகளில் வளர்க்க விட்டார்கள். நாய்க்கு உயர வரம்பு. எடுப்பவருக்குப் பயிற்சி வகுப்பு கட்டாயம். 2020-இல் அந்த வரம்பையும் சற்றுத் தளர்த்தினார்கள். நம் நகராண்மைக் கழகங்களும் இப்படி ஒன்றை யோசித்தால், லயத்தை விட்டு மாடியேறும் குடும்பங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

கொடுக்கவே கூடாத நாய்

கசப்பான ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய நாய் ஒன்று ஒரு பிள்ளையையோ முதியவரையோ பலமாகக் கடித்திருக்கிறது. வலியோ நோயோ காரணம் இல்லை என்று வைத்தியரும் சொல்லி விட்டார். அனுபவமுள்ள பயிற்சியாளரும் கையை விரித்து விட்டார். அந்த நாயை வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்காதீர்கள். உண்மையைச் சொல்லிக் கொடுப்பதும் ஆபத்து, சொல்லாமல் கொடுப்பது அதை விடக் கொடிது. வைத்தியரிடம் கொண்டு போய், நீங்களே தலையைத் தடவிக் கொண்டிருக்க, ஊசி மூலம் தூங்க வைத்து விடுவது பாவம் என்று சிலர் நினைக்கலாம். தெருவில் இறக்கி விட்டு, அங்கே பயந்து பசித்து, கடைசியில் நாய் பிடிக்கிறவர் கையில் முடிவதை விட அது எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனால் இந்த முடிவு வைத்தியர் சொன்ன பிறகு வர வேண்டியது. வீடு மாறுகிற அவசரத்தில் வரக் கூடாது.

இன்னொன்று. எந்த நாய் கடித்தாலும், சொந்த நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி விட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு வைத்துக் கட்டாதீர்கள்.

ஒப்படைத்த பிறகு

பொருத்தமான வீடு கிடைத்து விட்டதா? முதல் சந்திப்பை உங்கள் வாசலில் வைக்க வேண்டாம். தன் வாசலில் நாய் காவல்காரன். வெளியே திடலில் சந்தித்தால் அது வேறு குணம் காட்டும். கழுத்துப்பட்டையும் கயிறும் உறுதியாக இருக்கட்டும். வாய்க்கூடு போட்டுப் பழக்கியிருந்தால் இன்னும் நல்லது. மூன்று நான்கு தடவை சேர்ந்து நடந்த பிறகு புதிய வீட்டுக்கு அழைத்துப் போங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் சீனப் புத்தாண்டுச் சமயத்திலும் கொடுக்கவே வேண்டாம். பழக்கமில்லாத வீட்டில் பட்டாசுச் சத்தம் கேட்டால் எவ்வளவு உயரமான வேலியையும் தாண்டி ஓடி விடும்.

அதனுடைய தட்டு, படுத்த பழைய சாக்கு அல்லது போர்வை, பத்து நாளுக்கான அதே தீனி ஆகியவற்றைக் கூடவே அனுப்புங்கள். போர்வையைத் துவைக்காதீர்கள், அதில் உங்கள் வீட்டு வாசனை இருக்கிறது. பெயரை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். நாய் பழகியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தெளிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு புரிய மூன்று வாரம், இது என் வீடு என்று எண்ண மூன்று மாதம். முதல் மூன்று நாள் அது சாப்பிடாமல் கேட்டைப் பார்த்துக் கொண்டு படுத்திருந்தால் புதிய வீட்டார் பதற வேண்டாம். அந்த நாட்களில் உறவுக்காரர்களை அழைத்து வந்து வேடிக்கை காட்டவும் வேண்டாம்.

இரண்டு பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மாதம் சோதனைக் காலம். பொருந்தாவிட்டால் நாய் உங்களிடமே திரும்பி வரும், வேறு யாருக்கும் போகாது. நீங்கள் மாடி வீட்டுக்குப் போய் விட்டால் எங்கே வைத்துக் கொள்வது என்பதை இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும்: தனி வீட்டில் இருக்கும் அண்ணன் வீடோ, கூலிக்கு நாய் வைத்துக் கொள்ளும் இடமோ, எதுவானாலும் சரி. உரிமத்தை உங்கள் பெயரிலிருந்து நீக்கிப் புதியவர் பெயரில் எடுக்க மன்றத்துக்கு இருவரும் போய் வந்து விடுங்கள். நாய் நாளை யாரையாவது கடித்தால் உரிமத்தில் இருக்கும் பெயரைத்தான் தேடி வருவார்கள்.

முதல் மூன்று வாரம் நீங்கள் போய்ப் பார்க்காமல் இருப்பது நல்லது. உங்களைக் கண்டால் அது கூடவே வந்து விடலாம் என்று நினைக்கும். நீங்கள் கிளம்பியதும் பழையபடி சோறு இறங்காது. தொலைபேசியில் விசாரியுங்கள். பிள்ளைகள் அழுதால், நாய் புதிய வாசலில் படுத்திருக்கும் படம் ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நல்ல வீட்டார் மறுக்க மாட்டார்கள்.